அத்தானின் நாக்கைப் பார்த்தேன், அக்கா

என் செல்ல அக்கா,

நீ போன அன்று எல்லோரும் அழுதார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம் ஆறாத அந்தக் கோபம் போன மாதம் கொஞ்சம் ஆறியது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கடைவாய்ப் பல் குத்திக் குத்தி உன் நாக்கோரத்தில் புண் வந்தது, மாதக்கணக்கில் ஆறவில்லை. துளி சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார் தஞ்சாவூர் டாக்டர். நீடாமங்கலம் எஸ்.டி.டி. பூத்தில் நின்று, துபாயில் இருந்த அத்தானிடம் நீ கேட்டாய்.

"கத்தி பட்டா பரவிடும். நான் சொல்லாம யாரும் கை வைக்கக் கூடாது."

அவ்வளவுதான். வீட்டில் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். லீவு கிடைத்து அவர் வந்து சேர்ந்தபோது உன்னால் தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை. ஏன் அக்கா அவரைக் கேட்டாய்? உன் நாக்குதானே?

நான் இயற்பியல் முடித்து வெளிநாடு போனேன். உயிருள்ள சதையை ஒளியால் பார்க்கும் ஆராய்ச்சியில் சேர்ந்தேன். படிப்பு ஆசை என்றார்கள். ஆசையாவது மண்ணாவது! இனி எவனும் கத்தியைச் சாக்குச் சொல்லக் கூடாது என்ற வெறி. பேனா அளவுக் குழாயை நாக்கில் வைத்தால் போதும். வெட்டாமலே தோலுக்கடியில் உள்ள செல்கள் திரையில் தெரியும், ரத்த அணுக்கள் ஓடுவதுகூடத் தெரியும். ஆனால் உயிருள்ள நாக்கு சும்மா இருக்குமா? மூச்சு விட்டாலே படம் கலங்கியது. குழாயின் நுனி நாக்கை மெல்ல உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும்படி மாற்றுவதற்குள், சோதித்துச் சோதித்து என் நாக்கு வீங்கிப்போனது.

இப்போது அந்தக் கருவி சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் இருக்கிறது, நானும் அங்கேதான். போன மாதம் உன் மகள் அத்தானைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். அவர் நாக்கில் வெள்ளைத் திட்டு.

"கத்தி இல்லாம பாக்குற மெஷினாமே வசந்தி? நல்லவேளை" என்று சிரித்தார்.

திருப்பி அனுப்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

"வாயைத் திறங்க அத்தான்" என்றேன்.

படம் தெளிவாக விழுந்தது. ஓரிடத்தில் மட்டும் செல்கள் வரிசை குலைந்து கிடந்தன. சர்ஜன் பார்த்துவிட்டு, அங்கே துளி சதை எடுத்துச் சோதித்தே ஆகவேண்டும் என்றார்.

"கத்தி பட்டா..." என்று ஆரம்பித்த அத்தான், உன் மகளைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"சொல்லுங்க அத்தான். நீங்க சொல்லாம யாரும் கை வைக்க மாட்டாங்க" என்றேன்.

நல்லா வேணும் என்றிருந்தது அக்கா, உன்னிடம் எதற்குப் பொய்? உன் மகள் அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் "எடுத்துடுங்க" என்றார். சொல்லிவிட்டு அழுதார்.

சோதனையில் புற்றுநோய் என்று உறுதியானது. நாக்கோரத்தை வெட்டி எடுத்தார்கள். பரவவில்லை. ஆரம்பத்திலேயே பிடித்ததால் பிழைத்துக்கொள்வார் என்கிறார்கள். வீட்டுக்குப் புறப்படும்போது உன் மகள் அவருடைய துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டே கேட்டாள்:

"அப்ப அம்மாவும் பொழச்சிருப்பாங்கல்லப்பா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் அடுத்த சோதனைக்கான தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.

அத்தானை நான் சாக விடமாட்டேன் அக்கா, இது சத்தியம். ஒவ்வொரு தடவையும் நானே சோதித்துப் பார்ப்பேன். அந்தக் கேள்வியோடு அவர் நூறு வயசு வரைக்கும் இருக்கட்டும்.

இன்னும் மன்னிக்காத உன் தங்கை,
வசந்தி