சோப்பில் பதிந்த சாவி

பாலக்கரை,
18-8-2024

அன்பு மகன் சுரேஷ்குமாருக்கு அப்பா எழுதுவது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ காத்திருந்திருப்பாய். அப்பா வரவில்லையே என்று நினைத்திருப்பாய். வந்தேன்டா. கேட் வரை வந்து, ஒரு கேவலம் பண்ணிவிட்டுத் திரும்பினேன். ஊரார் சொல்லி நீ கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கூர்நோக்கு இல்லத்து கேட்டில் பூட்டு மாட்டிக்கொண்டது. வாட்ச்மேன் சாவியைப் போட்டு ஆட்டுகிறார், கல்லால் தட்டுகிறார், எண்ணெய் விடுகிறார். வெளியே பிள்ளைகளைப் பார்க்க வந்த நாங்கள் பதினைந்து பேர், மண்டையைப் பிளக்கிற வெயில். என் கை சும்மா இருந்திருக்கலாம். இருபத்தாறு வருஷப் பழக்கம் விடுமா? இடுப்பில் செருகியிருந்த கம்பியை உருவி, உள்ளே விட்டு ஒரு திருப்பு. பூட்டு கையோடு வந்துவிட்டது. பெருமையாகச் சிரித்துக்கொண்டு நிமிர்ந்தால் ஒருத்தர் முகத்திலும் சிரிப்பில்லை. பையன்களை அடைத்து வைத்திருக்கும் பூட்டை மூன்று விநாடியில் திறந்தவனை எப்படிப் பார்ப்பார்கள்? அப்படித்தான் பார்த்தார்கள்.

"யாரைய்யா பாக்க வந்தே?" உள்ளேயிருந்து வந்த இல்லத்து அதிகாரி கேட்டார்.

"எம்மவன் சுரேஷ்குமாருங்க."

"என்ன கேஸு?"

"பைக்கு திருட்டுங்க. அதாவது... சாவி போட்டு..."

அந்த அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டார். "அப்பனே இப்படி இருந்தா புள்ள எப்படிய்யா இருப்பான்?" என்றார். இனிமேல் மறு உத்தரவு வரும்வரை நான் உன்னைப் பார்க்க வரக்கூடாதாம். அம்மாவுக்குத் தடை இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்றால் அவளுக்குக் கல்யாண மண்டபத்துச் சமையல் வேலை. முடிந்தபோது வருவாள். அதனால்தான் இந்தக் கடிதம். எட்டாவதோடு பேனாவை வைத்தவன் நான், கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நமக்கு அரசாங்கம் கொடுத்த வக்கீலம்மா சுபஸ்ரீயைப் பார்த்தேன். ஜாமீன் கேட்டதற்கு, "அப்பா செய்வது பூட்டுத் திறக்கும் தொழில். அந்த வீட்டுக்கே அனுப்பினால் பையன் மேலும் கெட்டுப்போவான்" என்று போலீஸில் எதிர்த்து எழுதியிருக்கிறார்களாம். இப்போது கேட் கதையும் அதோடு சேர்ந்துவிட்டது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். ஆடிப்பெருக்கு அன்று ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டில் நின்ற பைக்கை எடுத்தது நீயும் உன் சிநேகிதன் பிரவீன்ராஜும். பூக்கார ராக்கம்மாள் மேல் ஏற்றினபோது ஓட்டினது அவன். ஆனால் உள்ளே இருப்பது நீ. அவன் வெறும் சாட்சி. "பின்னால் உட்கார்ந்து வந்தேன், திருட்டு வண்டி என்று தெரியாது" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, தென்னூர் வீட்டில் ஏசி போட்டுத் தூங்குகிறான். உன் அம்மா வாங்கி வரச் சொன்ன புளியை மூன்று நாளாக மறந்தவன்தான் நான். இதை மறக்க மாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அப்பா,
வீரமலை

---

27-8-2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே வருகிற கடிதம், போகிற கடிதம் எல்லாவற்றையும் ஆபீஸில் படித்துவிட்டுத்தான் தருவார்கள், அனுப்புவார்கள். கேட் கதையை வார்டன் சார் எல்லோருக்கும் கேட்கச் சத்தமாகப் படித்துச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு பாத்ரூமுக்குப் போய்விட்டேன்.

அப்பா, அந்தப் பைக்கின் கள்ளச் சாவியை நான்தான் போட்டேன். நீங்கள் டீ குடிக்கப் போயிருந்தபோது உங்கள் தொழில் மேசையில் உட்கார்ந்து தேய்த்துப் போட்டேன். ஸ்டேஷனில் சொன்னதுதான். நீங்கள் யாரிடமும் புதிதாக எதுவும் சொல்ல வேண்டாம். அம்மாவைத் தனியாக விட்டுவிடாதீர்கள். புரிந்திருக்கும்.

பூக்கார அம்மாவின் கால் எப்படி இருக்கிறது? அவர் விழுந்த சத்தம் இன்னும் கேட்கிறது. நான் இறங்கி ஓடியிருக்கக் கூடாது.

இங்கே சாப்பாடு பரவாயில்லை. பக்கத்துப் படுக்கை சிவசங்கர் மணப்பாறைப் பையன். செல்போன் திருடினவன். நிறைய விஷயம் தெரிந்து வைத்திருக்கிறான்.

வெளியே வந்ததும் தென்னூர் போய் பிரவீனை ஒரு தடவை பார்க்கணும். பேசத்தான்.

உங்கள் மகன்,
சுரேஷ்

---

பாலக்கரை,
8-9-2024

அன்பு மகனுக்கு,

பெரியாஸ்பத்திரிக்குப் போய் ராக்கம்மாளைப் பார்த்தேன். தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. திட்டு வாங்கத் தயாராக, தலையைக் குனிந்துகொண்டுதான் போனேன். வாங்கவும் செய்தேன். "எறங்கி ஓடுனானே உம்மவன், ஒரு வாய்த் தண்ணி குடுக்கத் தோணலியாய்யா அவனுக்கு?" என்றது அந்த அம்மா. கிளம்பும்போது கூப்பிட்டது. "ஓட்டுனவன் உம்மவன் இல்ல. அது அந்தக் கண்ணாடி போட்ட பய. நான் எழுத வந்த போலீஸ்காரங்ககிட்ட சொன்னேன். அவங்க பேனாவ மூடிட்டாங்க. நான் நடக்குற அன்னிக்கு வந்து நானே சொல்லுவேன்." நல்ல மனுஷி என்று நினைக்காதே. அந்தக் கண்ணில் இருந்தது என் கண்ணில் இருப்பதேதான்.

இன்னொரு கதை கேள். வியாழக்கிழமை மேசைக்குப் போன் வந்தது. தென்னூரில் ஒரு வீட்டில் இரும்பு பீரோ திறக்கவில்லை, உடனே வா என்று. விலாசத்தை இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டேன். பில்டர் ரெங்கராஜ் வீடு. பிரவீன் அப்பாதான். ஊரில் இத்தனை பூட்டுக்காரன் இருக்க, என் போர்டில் இருந்த நம்பர்தான் அவர்கள் கண்ணில் பட்டிருக்கிறது. நான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் பிள்ளைக்காக என் பிள்ளை உள்ளே இருக்கிறான், என் முகம் அவருக்குத் தெரியவில்லை! தெரிந்துகொள்ள அவசியம் வரவில்லை போலிருக்கிறது.

பீரோ முன்னால் குந்தினேன். அவர் எனக்குப் பின்னால் நின்று போனில் பேசுகிறார். "பயல பெங்களூர்ல சேத்துடலாம்னு இருக்கேன். இங்க சேர்க்கை சரியில்ல. ஏதோ ஒரு பூட்டுக்காரன் மவனாம், அவன்கூட சுத்தி பேரைக் கெடுத்துக்கிட்டான்." சொல்லிவிட்டு என் முதுகைப் பார்த்து, "யோவ், கீறல் விழாம தொற" என்றார்.

அப்போதே முடிவு பண்ணினேன். புதுச் சாவியில் ஒரு பல்லை மயிரிழை அளவு குறைத்துத் தேய்த்துவிடுவது. பத்து நாள் திறக்கும், பதினோராம் நாள் சரியாக உள்ளே சிக்கும். அவர் கையிலேயே உடையும். மனசுக்குள் அவர் பீரோவை உதைக்கிற காட்சியெல்லாம் பார்த்துவிட்டேன். ஆனால் என்ன சொல்ல, கை கேட்கவில்லைடா. தேய்த்து முடித்துப் பார்த்தால் என் வாழ்நாளிலேயே இவ்வளவு அழகாக ஒரு சாவி போட்டதில்லை. வெண்ணெயில் கத்தி போல இறங்குகிறது. பழிவாங்கப் போய் பாராட்டு வாங்கிக்கொண்டு வந்த ஒரே ஆள் நான்தான்.

இறங்கும்போது மாடிப்படியில் பிரவீன். என்னைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டான். அவன் அம்மா சமையல்கட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் பல்லைக் காட்டிச் சிரித்து, "தம்பி, வீட்ல குளிக்கிறதுக்கு என்ன சோப்பு போடுறீங்க? நல்ல வாசனையா இருக்கே" என்றேன். அவ்வளவுதான். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். இரண்டு நாள் எனக்கு நல்ல தூக்கம்.

அப்பா,
வீரமலை

---

17-9-2024

அப்பாவுக்கு,

சோப்பு பற்றி எல்லாம் எழுதாதீர்கள். வார்டன் சார் என்னைக் கூப்பிட்டு, "அது என்னடா சோப்பு?" என்று கேட்டார். தெரியாது என்றேன். நான் இவ்வளவு கஷ்டப்படுவது எதற்காக?

நீங்கள் அந்த வீட்டுக்கே போயிருக்கக் கூடாது. "ஒரு பூட்டுக்காரன் மவன்" என்றாரா? அதே வார்த்தையா? நம் வீட்டில் நாலு தடவை சாப்பிட்டிருக்கிறான் அவன். அம்மா அவனுக்குத் தனியாக முட்டை பொரித்துப் போட்டது. இருக்கட்டும்.

நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம் அப்பா. உங்களால் முடியாது. கோபத்தில் சொல்லவில்லை, உங்கள் சாவியே சொல்கிறது. நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். அவன் பெங்களூர் போனாலும் பஸ் இருக்கிறது.

சுரேஷ்

---

பாலக்கரை,
27-9-2024

சுரேஷ்,

இதை முதலில் படிக்கும் வார்டன் சாருக்கு வணக்கம். ஐயா, இந்தக் கடிதத்தையும் சத்தமாகவே படிக்கலாம்.

மகனே, நீ "பேசத்தான்" என்று எழுதினாய். ஆறாவது படிக்கும்போது என் பட்டை அரத்தைப் பையில் போட்டுக்கொண்டு போனபோதும், "பென்சில் சீவத்தான்" என்றாய். அன்றைக்கு ஒருத்தன் நெற்றியில் மூன்று தையல். உன்னைப் பார்த்துவிட்டு வந்த அம்மா, "எனக்குப் பதினெட்டு எப்போம்மா முடியுதுன்னு கேட்டான்" என்றாள். பிறந்தநாள் ஆசை என்று நினைத்து, பாயசத்துக்கு ஜவ்வரிசி வாங்கி வைத்திருக்கிறாள். எனக்குத்தான் புரிந்தது. பதினெட்டுக்குள் யாரை என்ன செய்தாலும் தண்டனை குறைச்சல் என்று அந்தச் சிவசங்கர் உனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். அந்தக் கணக்கை நான் முடிக்க விடமாட்டேன்.

அந்தச் சாவியை நீ போடவில்லை. நான் போட்டேன். ஆடிப்பெருக்குக்கு நாலு நாள் முன்னால், பிரவீன்ராஜ் என் மேசைக்கு வந்து ஒரு சோப்புக் கட்டியை நீட்டினான். அதில் பைக் சாவியின் அச்சு பதிந்திருந்தது. "வண்டிச் சாவி ஒண்ணுதான் இருக்கு அங்கிள், இன்னொண்ணு வேணும்" என்றான். போட்டுக் கொடுத்தேன். நான் போடும் சாவி எல்லாவற்றிலும் தலையில் மூன்று கோடு கீறுவது என் வழக்கம். போலீஸ் கையில் இருக்கும் சாவியிலும் அது இருக்கிறது. ஸ்டேஷனில் அந்தக் கோட்டைப் பார்த்ததும், "யார் போட்டது?" என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் நீ "நான்தான் சார்" என்றாய். நான் வாயை மூடிக்கொண்டேன். ஐம்பத்திமூன்று நாளாக மூடிக்கொண்டிருக்கிறேன்.

சாவி சரியாக உட்காராவிட்டால் திருத்திக் கொடுக்க வேண்டுமே என்று அச்சு, மாதிரி எல்லாவற்றையும் ஆறு மாதம் தகர டப்பாவில் வைத்திருப்பேன். அந்தச் சோப்பு இன்னும் இருக்கிறது. நடுவில் அம்மா துணி துவைக்க எடுத்துப் போனாள், வாளியில் விழுவதற்குள் பிடுங்கினேன்.

செவ்வாய்க்கிழமை, உன் கேஸை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் சோப்போடு போய் நிற்கப்போகிறேன். வக்கீலம்மா, "உங்களை உள்ளே வைப்பார்கள், தெரியுமா?" என்றார். தெரியும். என் பேரைச் சொல்லாமல் அவன் பேரைச் சொல்ல வழியில்லை. நான் விழுந்தால்தான் அவன் விழுவான் என்றால் விழுகிறேன். ஆனால் தனியாக விழ மாட்டேன். அவன் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் விழுவேன். இந்தப் பழி என்னுடையது. நீ தொடாதே.

வீரமலை

---

மத்திய சிறை,
திருச்சி,
16-10-2024

வீட்டில் இருக்கும் என் மகனுக்கு,

இப்படி எழுதுவதற்கே சுகமாக இருக்கிறது. நீ வீட்டில், நான் உள்ளே. ஆயுதபூஜைக்கு என் அரத்துக்கும் கம்பிக்கும் பொட்டு வைத்தாய் என்று அம்மா சொன்னாள். பொரி எனக்கும் கொஞ்சம் கொண்டு வந்தாள், வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். இங்கேயும் பூட்டுகள் இருக்கின்றன. கையைக் கட்டிக்கொண்டுதான் நடக்கிறேன்.

குழுமத்தில் நடந்ததை நீ பார்த்தாய். ஆனால் வராந்தாவில் நடந்ததைப் பார்க்கவில்லை. அதை எத்தனை தடவை நினைத்தாலும் எனக்கு அலுக்கவில்லை. சாட்சி சொல்ல வந்த பிரவீனோடு நின்ற ரெங்கராஜ் என்னை உற்றுப் பார்த்தார். "யோவ், நீ எங்க வீட்ல பீரோ தொறந்தவன்தானே?"

"ஆமாங்க. பீரோ நல்லா தொறக்குதுங்களா?"

"நீ எங்கய்யா இங்க?"

"நீங்க போன்ல சொன்னீங்களே, ஒரு பூட்டுக்காரன் மவன்னு. அந்தப் பூட்டுக்காரன்தாங்க நான்."

அந்த மனுஷர் பக்கத்திலிருந்த பெஞ்சைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்த அதே நேரம் ராக்கம்மாள் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு படியேறியது. "எங்கே அந்தக் கண்ணாடிக்காரன்?" என்றது. நாங்கள் இரண்டு பேரும் சொல்லி வைத்துக்கொண்டு வந்தது போல இருந்தது. சொல்லி வைத்துக்கொண்டுதான் வந்தோம்.

உள்ளே சோப்பை மேசையில் வைத்ததும், அவர்கள் வக்கீல் எழுந்திருப்பதற்குள் பிரவீன் அழுதுவிட்டான். நீ படுத்திருந்த இல்லத்தில் அவனும் படுத்தான். ஒன்பதே நாளில் ஜாமீனில் எடுத்துவிட்டார்களாம். நீ அறுபது நாள், அவன் ஒன்பது நாள். முதலில் எனக்கு வயிறு எரிந்தது. பிறகு அந்த ஒன்பது நாளையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அந்தப் பாய், அந்தக் கொசு, அந்தக் கழிவறை வாசல், வார்டன் சாரின் சிரிப்பு. எரிச்சல் கொஞ்சம் அடங்கியது. நான் நல்லவன் இல்லைடா.

அவனைத் தெருவில் பார்த்தால் மறுபக்கம் போய்விடு. பழியில் உன் பங்கையும் சேர்த்து நானே வாங்கிவிட்டேன். இனி நீ போய் வாங்க அங்கே ஒன்றும் இல்லை. நேரம் கிடைக்கும்போது ராக்கம்மாளுக்குப் பூக்கூடை தூக்கிக் கொடு. திட்டும். வாங்கிக்கொள்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. குழுமத்தில் நீதிபதியம்மா கேட்டாரே, "இருபத்தாறு வருஷமா தொழில் பண்றீங்க. சோப்புல அச்சு எடுத்துட்டு வந்தா அது திருட்டுச் சாவின்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று. நான், "கவனிக்கலைங்கம்மா" என்றேன். எல்லாவற்றையும் சொன்னவன் அந்த ஒன்றைச் சொல்லவில்லை.

கவனித்தேன். சோப்பைக் கையில் வாங்கியபோதே தெரிந்தது. அதை நீ நீட்டியிருந்தால் அரத்தாலேயே உன் விரலைப் பெயர்த்திருப்பேன். பாலக்கரையில் வேறு எந்தப் பையன் நீட்டியிருந்தாலும் காதைப் பிடித்து ஸ்டேஷனுக்கு இழுத்துப் போயிருப்பேன். இவன் தென்னூர் வீட்டுப் பிள்ளை. என்னை அங்கிள் என்று கூப்பிட்டான். பக்கத்தில் நீ நின்றாய், அவன் கை உன் தோள்மேல் இருந்தது. அந்தக் கை எடுபடாமல் அங்கேயே இருக்கட்டும் என்றுதான், குனிந்து, மூன்று கோடு கீறிக் கொடுத்தேன்.

அப்பா