அவர் ஊற்றிய பிரேக் ஆயில்

ஐப்பசி 9, திங்கள்
விடியலிலிருந்து தூறல். துவைத்தது எதுவும் காயவில்லை. பனியன் கம்பெனியில் செக்கிங்குக்குப் பீஸ் வரவில்லை, அரை நாளோடு அனுப்பிவிட்டார்கள்.

மத்தியானம் மகள் போன். ஞாயிற்றுக்கிழமை வால்பாறையில் மாப்பிள்ளையின் கூட்டாளிக்குக் கல்யாணம். நம் காரில் போகிறார்களாம். பாப்பாவையும் கூட்டிக்கொண்டு.
"புது பேட்டரி போட்டாச்சில்லம்மா. சும்மாதான நிக்குது."
சரி என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம். கார் தெருமுனை தாண்டவில்லை.

சாயங்காலம் ஐந்தரை. கடைக்குப் போய்விட்டு வந்து கேட்டைத் திறக்கிறேன். ஷெட்டில் காரின் பின்பக்கம் இரண்டு சிவப்பு விளக்கும் எரிகிறது. பிரேக் மிதித்தால் எரியும் விளக்கு. உள்ளே ஆள் இல்லை. கதவைத் திறந்ததும் அணைந்துவிட்டது.

சீரகம் மறந்துவிட்டேன். நாளைக்கு.

செவ்வாய்
இன்றைக்கும் அதே நேரம். விளக்குக் கண்ணாடி மேல் கை வைத்தேன், சூடு. கதவைத் திறக்கவில்லை. சன்னல் வழியாகப் பார்த்தேன். பிரேக் பெடல் கீழே போயிருந்தது. யாரோ மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி. பார்க்கப் பார்க்க மெல்ல மேலே வந்தது.
மெக்கானிக்குக்குப் போன் செய்து வரச் சொன்னேன், வால்பாறைப் பயணத்தையும் சொன்னேன்.

புதன்
வீரபாண்டியிலிருந்து மெக்கானிக் தங்கராசு வந்தார். வீட்டுக்காரர் இருந்தபோதே பழக்கம். பானெட்டைத் திறந்தார். பிரேக் ஆயில் டப்பாவின் கழுத்தில் வெள்ளை லேபிள் துணி, பனியனில் வைத்துத் தைப்பது. ஆயில் மாற்றும் ஒவ்வொரு தடவையும் வீட்டுக்காரர் எழுதிக் கட்டுவார்.

தை 6.
ஊற்றியது - நான்.
மிதித்தது - சரசு.
அடுத்தது - ரெண்டு வருசம்.

அந்த ஆடியில்தான் போனார். கம்பெனி நாற்காலியில், டீ டம்ளரோடு.

தங்கராசு விரலை விட்டுப் பார்த்தார். "ஏனுங்கக்கா, டிகாசனாட்டம் இருக்குது. மூணே முக்கா வருசமாச்சு."
"ஓடாத வண்டிக்கு எதுக்குங்க மாத்தோணும்?"
"ஓடுனாலும் ஓடாட்டியும் ரெண்டு வருசந்தானுங்க. இது காத்துல இருக்கற தண்ணியக் குடிக்கும். மலை எறங்கறப்ப பிரேக் சூடேறுச்சுன்னா அந்தத் தண்ணி கொதிச்சுரும். அப்புறம் மிதிச்சா பெடல் பஞ்சாட்டம் போயிரும். வண்டி நிக்காதுங்க."

விளக்கு எரிந்ததைச் சொன்னேன். சுவிட்சைக் கழற்றிப் பார்த்தார். பழுது இல்லையாம். "அண்ணந்தான் வந்து மிதிச்சுட்டுப் போறாரோ என்னமோ" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"மாத்தீரலாங்களா?"
வேண்டாம் என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

வீட்டுக்காரரின் சட்டை, செருப்பு எல்லாம் கொடுத்தாயிற்று. அவர் கையால் ஊற்றியது என்று இருப்பது அந்த டப்பாவில் இருக்கிறது மட்டும்தான். அதைப் பிடித்துச் சாக்கடையில் கொட்டுவதா.

வியாழன்
வேலையில் மனம் இல்லை. ஓட்டை பனியனைப் பாஸ் பண்ணிவிட்டேன், சூப்பர்வைசர் கத்தினாள்.

ஆயில் மாற்ற இரண்டு ஆள் வேண்டும், ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் ஒவ்வொரு சக்கரமாகப் பழைய ஆயிலை இறக்க. அவர் சக்கரத்தடியில், நான் சீட்டில்.
"மிதி."
"மிதிச்சேனுங்க."
"புடிச்சுக்க... ம், உடு. தையல் மிசின் மிதிக்கறாப்புல மிதிக்காத சரசு, மெதுவா."
எத்தனை தடவை. கால் வலிக்கும். இன்னும் ஒரு சக்கரம்தான் என்பார், மூன்று பாக்கி இருக்கும்.

ஐந்தரைக்கு விளக்கு. இன்று பக்கத்தில் போய் நின்று கேட்டேன். "போக வேண்டாம்னு புடிச்சிட்டிருக்கீங்களா?"
எரிந்துகொண்டே இருந்தது.
பாப்பா வருகிறாள் என்றேன். வால்பாறை, நாற்பது வளைவு என்றேன்.
"மாத்தீரட்டுங்களா?"
அணைந்தது.

உடனே தங்கராசுக்குப் போன். சனிக்கிழமை பத்து மணிக்கு.

சனி
மழை இல்லை. தங்கராசு மட்டும் வந்தார், மிதிக்க நான். பக்கத்து வீட்டில் ஆறு தையல் மெஷினும் ஓடுகிற சத்தம். தங்கராசு கத்த, நான் மிதிக்க. பாட்டிலில் கறுப்பாக இறங்கியது. அந்தப் பக்கம் திரும்பவில்லை.

மூன்று சக்கரம் முடிந்தது. மகள் போன் செய்தாள். "இருங்க, வந்தர்றேன்" என்று சொல்லி உள்ளே போனேன். புடவை, மொய், பாப்பாவின் ஸ்வெட்டர் என்று பத்து நிமிஷம் பேச்சு.

திரும்பி வந்தால் தங்கராசு வேஸ்ட் துணியில் கை துடைக்கிறார்.
"முடிஞ்சுதுங்கக்கா."
"நாலாவது?"
"அதுதான் கச்சிதம். மொத மூணுக்குத் தையல் மிசின் மிதிக்கறாப்புல மிதிச்சீங்க. இதுக்கு நான் சொல்றதுக்கு முன்னாலயே காலு எறங்குது, புடிச்சது புடிச்சபடி நிக்குது."

சக்கரத்தடியில் தலையை விட்டிருந்த மனுஷன், மெஷின் சத்தத்தில் நான் சொன்னது கேட்கவில்லை போல.

தங்கராசு போன பிறகு சீட்டில் உட்கார்ந்தேன். சீட் பின்னால் தள்ளியிருந்தது. என் கால் பெடலுக்கு எட்டவில்லை.

ஞாயிறு
விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பிப் போனார்கள். நாள் முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு மலையடிவாரம் ஆழியாறிலிருந்து மகள் போன். "எறங்கிட்டம்மா. பிரேக் அப்பா வெச்சிருந்தப்ப மாதிரியே இருக்குதுன்னு உங்க மாப்பிள்ளை சொல்றாரு." பாப்பா குரங்கு பார்த்தாளாம்.

ஏழு மணிக்குக் கார் ஷெட்டுக்கு வந்தது. எல்லோரும் இறங்கிய பிறகு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். விளக்கு எரியவில்லை.

புது லேபிள் துணி ஒன்று கம்பெனியிலிருந்து எடுத்து வைத்திருந்தேன். கட்ட வேண்டும். அவர் பெயரை வாயால் சொன்னதில்லை, ரேசன் கடையில் கேட்டால்கூட பக்கத்தில் நிற்பவர்தான் சொல்வார். எழுதினதும் இல்லை.

ஐப்பசி 14.
ஊற்றியது - தங்கராசு.
மிதித்தது - மூன்று சக்கரம் சரசு.
நாலாவது - பழனிசாமி.