தீயணைப்பு வண்டியின் மணி

சேசு மரி சூசை துணை

அரியலூர்,
18 ஜனவரி 1945

அன்புள்ள செல்வநாதனுக்கு சின்னப்பராஜ் எழுதிக்கொள்வது.

நானும் என் வீட்டுக்காரி இன்னாசிமேரியும் சுகம். கிறிஸ்மசுக்கு ஊருக்குப் போனபோது உன் மனைவி பாத்திமா மேரியையும் குழந்தை சாந்தியையும் பார்த்தேன். இருவரும் சுகம். கார்த்திகையில் நீ போட்ட கடிதத்தையே பாத்திமா இன்னும் மடித்து மடித்து வைத்திருக்கிறாள். பட்டாளத்தில் துப்பாக்கி தருகிறார்களாம், பேனா தரமாட்டார்களாமா? ஒரு வரி எழுதினால் உன் கை தேய்ந்து போகாது.

என் சங்கதி கேள். மாட்டு வண்டி ஓட்டக்கூட லாயக்கில்லை என்று என்னைச் சொல்வாயே, இப்போது நான் தீயணைப்பு வண்டி டிரைவர். யுத்தத்துக்காக இங்கே ரயிலடியில் ஒரு சிவப்பு லாரி கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். பின்னால் முந்நூறு காலன் தண்ணீர்த் தொட்டி, முன்னால் பித்தளை மணி. பூமாலை என்று ஓர் ஆள் என் பக்கத்தில் உட்கார்ந்து கயிற்றை இழுத்து மணி அடித்துக்கொண்டே வருவான். எங்கள் ஆபீசர் தினமும் ஓதுகிறார், வேகமாகப் போவது பெரிதில்லை, போய்ச் சேர வேண்டும் என்று. வளைவில் மெதுவாகப் போ, தொட்டியை எப்போதும் முழுதாக நிரப்பி வை, அரைத் தொட்டித் தண்ணீர் ஓடி வண்டியைத் தள்ளும் என்கிறார். சரிங்க சரிங்க என்று கேட்டுக்கொள்வேன். ஓட்டுகிறவன் நான்தானே!

ஒரு வேடிக்கை. போன வாரம் ஒரு வைக்கோல் போர் எரிகிறதென்று நம் ஊர் வழியாகப் போனோம். மணி கேட்டதும் நம் சனங்கள், யாரோ சாகக் கிடக்கிறார்கள், சாமியார் முன்னால் மணியடிக்க, நன்மை கொடுக்கத் தேவநற்கருணை எடுத்துக்கொண்டு போகிறார் என்று நினைத்துவிட்டார்கள். முறத்தைப் போட்டவள் போட்டபடி, மாட்டை விட்டவன் விட்டபடி ஓடி வந்து ரோட்டின் இரண்டு பக்கமும் முழந்தாள் போட்டுவிட்டார்கள். பூமாலை நம் வேதக்காரன் இல்லை. ஏண்ணே, நம்மளையா கும்புடுறாங்க என்று கேட்டான். சிரித்த சிரிப்பில் எனக்கு ஸ்டியரிங் ஆடிப்போயிற்று.

சாமியார் கூப்பிட்டு அனுப்பி நன்றாகத் திட்டினார். ஊர் எல்லையில் மணியை நிறுத்திவிட்டு ஹாரன் அடித்துக்கொண்டு போ என்றார். சரி என்று சத்தியம் போல் சொல்லிவிட்டு வந்தேன். அவரும் பூசையில் சனங்களிடம் சொல்லிவிட்டாராம், இனி அந்த வண்டிக்கு ஹாரன்தான், மணி கேட்டால் அது நற்கருணைதான் என்று. ஆனாலும் மணியடித்துப் போகிற ஜோர் ஹாரனில் வருமா, சொல்.

கவனமாக இரு. பாத்திமாவுக்கு எழுது.

உன்
சின்னப்பராஜ்


சேசு மரி சூசை துணை

அரியலூர்,
22 ஏப்ரல் 1945

செல்வநாதா,

சாமியார் கொடுத்த தந்தி உனக்கு வந்து சேர்ந்திருக்கும். அதில் விபத்து என்ற ஒரு சொல்தான் இருக்கும். மீதியை வேறு யாராவது எழுதுவதற்கு முன்னால் நான் எழுத வேண்டும். இரண்டு வாரமாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் குழந்தை. சாந்தி எங்கள் வீட்டில் இருக்கிறாள். நேற்றிலிருந்துதான் சரியாகச் சாப்பிடுகிறாள். இன்னாசிமேரியின் சேலையைப் பிடித்துக்கொண்டே திரிகிறாள். என்னிடம் வருவதில்லை. அவளுக்கு ஒன்றும் தெரியாது, ஆனாலும் வருவதில்லை.

பாத்திமா மேரி செத்தது என் வண்டியில் அடிபட்டு. இதை எழுதிவிட்டேன். இனி மற்றதையும் எழுதிவிடுவேன்.

ஈஸ்டர் முடிந்து மறு வாரம் திங்கட்கிழமை, காலை பத்து மணி இருக்கும். நம் ஊருக்கு அந்தப் பக்கம் முந்திரித் தோப்பில் சருகு பற்றிக்கொண்டு குடிசைகளுக்குப் பரவுகிறது என்று ஜெயங்கொண்டத்திலிருந்து ஆள் வந்தான். தொட்டியில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. முதல் நாளே நிரப்பியிருக்க வேண்டும், நான் நிரப்பவில்லை. அங்கே ஏரியில் எடுத்துக்கொள்ளலாம் என்று அப்படியே கிளம்பினேன்.

ஊர் எல்லை வந்ததும் பூமாலை கயிற்றை விட்டுவிட்டான். அவனுக்கு ஞாபகம் இருந்தது. எனக்கும் இருந்தது. அடிடா, எவனாவது வண்டியைக் குறுக்க வுட்டுடப் போறான் என்று கத்தினேன். அவன் அடித்தான்.

கோயில் மதில் முடிந்து திரும்புகிற வளைவு உனக்குத் தெரியும். அன்றைக்கு ரோட்டோரம் முழுக்கக் கருவேல முள்ளை வெட்டிக் குவித்திருந்தார்கள். ஓரத்தில் இடமில்லாமல் அவள் சக்கரத் தடத்திலேயே முழந்தாள் போட்டிருந்தாள். முந்தானை தலையில். இரண்டு கையும் மார்பில் குறுக்காக. தலை குனிந்திருந்தது. குடம் பக்கத்தில் இருந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. நற்கருணை போகும்போது நாம் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை அல்லவா.

பிரேக்கை மிதித்தேன். என் பலத்தையெல்லாம் போட்டு மிதித்தேன். தொட்டியில் இருந்த பாதித் தண்ணீர் முன்னால் பாய்ந்து வண்டியைத் தள்ளியது. அவளைத் தாண்டி நாலு கெஜம் போய்த்தான் நின்றது.

அரை மணி நேரம் உயிர் இருந்தது. அவள் தலை என் மடியில். என்னை அடையாளம் தெரிந்தது. ஆனால் வண்டி அடித்தது அவளுக்குத் தெரியவில்லை. யாருக்குண்ணே முடியல, சாமியார் யாருக்குப் போறாரு என்று கேட்டாள். இரண்டு தடவை கேட்டாள்.

அப்புறம் சாமியார் வந்தார். முன்னால் உபதேசியார் மணி அடித்துக்கொண்டு வந்தார். அந்த மணிதான் உண்மையான மணி. ஊரே முழந்தாளிட்டது. வண்டிக்குப் பக்கத்தில் நானும் முழந்தாளிட்டேன். அவள் நன்மை வாங்கிக்கொண்டாள். கல்லறைத் தோட்டத்தில் உன் அப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தோம். தோப்பில் நாலு குடிசை எரிந்து போயிற்று. அங்கே யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை.

இனிமேல்தான் நீ கவனித்துப் படிக்க வேண்டும். விசாரணைக்கு என்று மேலேயிருந்து வந்தவர்கள் ஒரு வாக்குமூலத்தை எழுதி என்னிடம் நீட்டினார்கள். அந்தப் பெண் தானாகவே வண்டிக்கு முன்னால் வந்து விழுந்தாள் என்று இருந்தது. கையெழுத்துப் போட்டால் வேலை போகாது என்றார்கள். பூமாலை போட்டுவிட்டான். அவன் பிள்ளைகுட்டிக்காரன், அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் போடவில்லை. மணி அடிக்கச் சொன்னது, அரைத் தொட்டி, வளைவில் வந்த வேகம், சாமியாருக்குக் கொடுத்த வாக்கு எல்லாவற்றையும் என் கையால் எழுதிக் கொடுத்தேன். வேலை போயிற்று. அடுத்த மாதம் கேஸ். உள்ளே போவேன் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். போக வேண்டியவன்தான்.

ஆனால் அவர்கள் எழுதிய அந்த ஒரு வரி ஊருக்குள் வந்துவிட்டது. அஞ்சு மாசமா புருசன்கிட்டேருந்து கடுதாசி இல்ல, மனசு வெறுத்து விழுந்துட்டா என்று பேசுகிறார்கள். உன் அண்ணன் உனக்கு அப்படித்தான் எழுதப் போகிறார். அவரே என்னிடம் சொன்னார்.

நம்பாதே. உன் கடிதம் வராததால் அவள் சாகவில்லை. கார்த்திகைக் கடிதம் அவள் ரவிக்கைக்குள் இருந்தது. அவளோடு வைத்துவிட்டேன். யாரோ ஒருவருடைய ஆத்துமம் கரையேற வேண்டும் என்று முழந்தாளில் இருந்தவள் அவள். அவளைக் கொன்றது என் அவசரம், என் சிரிப்பு. ஜனவரியில் உனக்கு வேடிக்கை என்று எழுதினேனே, அந்தக் கடிதம் உன்னிடம் இருந்தால் எடுத்துப் பார். எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். கோர்ட்டில் கேட்டால் அதையும் சொல்வேன்.

மன்னித்துவிடு என்று கேட்க வாய் வரவில்லை. நீ திரும்பி வந்து என்ன செய்தாலும் சரி, தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன். நீ திரும்பி வர வேண்டும், அதுதான் வேண்டும். சர்வேசுரன் உன்னைக் கை கால் சுகத்தோடு இந்தக் குழந்தையிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

கோயில் மணி கேட்டால் சாந்தி இருந்த இடத்திலேயே முழந்தாள் போடுகிறாள். அவள் அம்மா பழக்கியது. நேற்று வாசலில் அப்படிச் செய்தாள். ஓடிப் போய்த் தூக்கினேன், என்னைப் பார்த்து அழுதுவிட்டாள்.

ஒரு வரி எழுது, செல்வநாதா. என்னைத் திட்டியாவது எழுது. நான் இல்லாவிட்டால் இன்னாசிமேரி படிப்பாள். பாத்திமாவைப் பற்றி நான் சொன்னதை நம்புகிறேன் என்று மட்டும் அதில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
சின்னப்பராஜ்