ஓடாத மீட்டர்

மதுரை,
14-10-1948

அன்புள்ள சுருளியம்மாளுக்கு,

பேச்சிமுத்து எழுதுவது. நான் சௌக்கியம். நீயும் அப்பாவும் சுகமென்று நம்புகிறேன்.

தீபாவளிக்கு லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மலையில் மழை குறைவு, கரண்ட் உற்பத்தி பாதிதான். தை பிறக்கும் வரை வீட்டுக்கு ஒரு பல்புதான் எரியலாம், அதுவும் எட்டு மணி வரைதான் என்று உத்தரவு. அலங்கார விளக்கு கூடவே கூடாது. எலெக்ட்ரிக் ஆபீஸில் வேலை பார்க்கிறவன் வீட்டிலேயே வெளிச்சம் கொட்டினால், நாளைக்கு நான் யாரிடமும் போய் அணையுங்கள் என்று சொல்ல முடியாது. ஆகையால் கூடத்துப் பல்பு மட்டும் போதும். அதையும் பார்த்துப் போடு.

தீபாவளிக்குத் தங்கச்சி கருத்தம்மாளும் மாப்பிள்ளையும் ஆண்டிபட்டியிலிருந்து வருகிறார்கள். குறை வைக்காமல் கவனித்துக்கொள்.

இப்படிக்கு,
பேச்சிமுத்து


சின்னமனூர்,
5-11-1948

மச்சானுக்கு, சுருளியம்மாள் வணக்கம்.

தீபாவளி நல்லபடியாக முடிந்தது. கறி எடுத்தேன். கருத்தம்மாளுக்குப் பிடிக்குமே என்று சீயமும் சுட்டேன். எல்லாவற்றையும் மத்தியானத்துக்குள் சமைத்துவிட்டேன். மாமா எப்போதும்போல வெயில் தாழச் சாப்பிட்டுவிட்டுத் தோட்டத்துக் காவலுக்குப் போய்விடுகிறார். துணைக்குப் பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாள் அக்காள் வந்து படுத்துக்கொள்கிறார்.

கரண்ட் விஷயத்தில் நீங்கள் சொன்னதற்கு மேலாகவே சிக்கனமாக இருக்கிறேன். கவலை வேண்டாம்.

ஊரில் எல்லா வீட்டு ஆம்பிளைகளும் வந்திருந்தார்கள். உங்களைத்தான் காணோம். பொங்கலுக்காவது வரப் பாருங்கள்.

சுருளியம்மாள்


மதுரை,
16-12-1948

சுருளியம்மாளுக்கு,

இந்தக் கடிதத்தைக் கோபத்தில்தான் எழுதுகிறேன். மறைக்கவில்லை.

போன வாரம் கருத்தம்மாள் ஜவுளி எடுக்க மதுரைக்கு வந்தாள். வந்தவள் அழுதுவிட்டாள். "ஏண்ணே, நல்ல நாளும் அதுவுமா எங்கள இருட்டுல உக்கார வச்சுச் சோறு போட்டாக. லைட்டப் போடுங்க மதினின்னேன். 'உங்க அண்ணன்தான் போடக் கூடாதுன்னு எழுதிருக்காக'ன்னாக. குழம்ப இலையில ஊத்தாம அவுக வேட்டியில ஊத்திட்டாக. அதுக்கு ஒரு வார்த்த சொல்லல. பேசாம அடுத்த ஆளுக்குப் போயிட்டாக" என்றாள். அந்த ஒரு பல்பையும் போடாதே என்றா நான் எழுதினேன்? மாப்பிள்ளை முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. நம்மூரில் மீட்டர் கணக்கெடுக்கிற சண்முகராஜ் நேற்று இங்கே ஆபீஸுக்கு வந்திருந்தார். "உங்க வீடு பூட்டிக் கெடக்கா? ரெண்டு மாசமா மீட்டர் ஓடவே இல்லையே" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். ஒரு பல்பு எவ்வளவு இழுக்கும் என்று எனக்குத் தெரியும். இரண்டு மாதமாக நம் வீட்டில் ஒரு நாள்கூட விளக்கு எரியவில்லை. பொழுது சாய்ந்த பிறகு நீ வீட்டில்தான் இருக்கிறாயா? இல்லையென்றால் எங்கே போகிறாய்? நேராகப் பதில் எழுது.

பேச்சிமுத்து


சின்னமனூர்,
22-12-1948

மச்சானுக்கு,

நான் வீட்டில்தான் இருக்கிறேன். அடுப்படி நிலைக்குப் பக்கத்தில், ஒரே இடத்தில். பாண்டியம்மாள் அக்காளைக் கேட்டால் சொல்வார்.

பொழுது இறங்கினால் எனக்குக் கண் தெரிவதில்லை. சின்ன வயசிலிருந்தே கொஞ்சம் உண்டு. என் அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. ஆடிக்குப் பிறகு ரொம்ப மோசம். லைட்டைப் போட்டால் பல்பு மட்டும் மஞ்சளாக ஒரு புள்ளி மாதிரித் தெரிகிறது. அதற்குக் கீழே இருக்கிறது எதுவும் தெரிவதில்லை. எனக்கு எரிந்தாலும் ஒன்றுதான், எரியாவிட்டாலும் ஒன்றுதான். இந்தக் கடிதத்தையும் முற்றத்து வெயிலில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

விருந்தாளிகள் இருக்கும்போது லைட் எரிந்தால், நான் தடவுவதை அவர்கள் பார்த்துவிடுவார்கள். அதனால்தான் உங்கள் உத்தரவைச் சொல்லித் தப்பித்தேன். அது தப்பு. ஆனால் மாப்பிள்ளை வேட்டியில் குழம்பு ஊற்றியது, சத்தியமாக, நீங்கள் எழுதித்தான் எனக்குத் தெரியும்.

கல்யாணம் பேசும்போது உங்களிடம் சொல்லிவிடலாம் என்றேன். "பொழுது சாயுறதுக்குள்ள வேலைய முடிச்சுட்டு உக்காந்துக்க ஆத்தா, யாருக்குத் தெரியப் போகுது" என்றார் என் அம்மா. மூன்று வருஷமாக அப்படியே செய்தேன். நீங்கள் லீவில் வரும்போது, விளக்கு வைத்ததும் உட்கார்ந்துவிடுகிற சோம்பேறி என்று கேலி செய்வீர்கள். அந்தப் பேர் எனக்குச் சௌகரியமாக இருந்தது.

உங்களை ஏமாற்றித்தான் கட்டிவைத்திருக்கிறார்கள். என்னை அப்பா வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் தடுத்துப் பேச மாட்டேன். பகல் பஸ்ஸில் ஏற்றிவிட்டால் போதும், யார் துணையும் இல்லாமல் போய்க்கொள்வேன்.

சுருளியம்மாள்


மதுரை,
4-1-1949

அன்புள்ள சுருளியம்மாளுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முதல் இரண்டு நாள் உன் அம்மா மேல் கோபம், உன் மேலும் கோபம். மூன்று வருஷம் கூட வாழ்ந்தும் கவனிக்காதவன் மேல் அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது. எங்கே போகிறாய் என்று கேட்டேனே, அந்த வரியை மட்டும் அடித்துவிடு. அதை எழுதியதற்கு வெட்கப்படுகிறேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் கண் டாக்டரைப் பார்த்துக் கேட்டேன். நேரில் பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது, அப்பன் வழியில் வந்திருந்தால் பார்வை திரும்ப வருவது கஷ்டம், சத்துக் குறைவாக இருந்தால் மருந்து இருக்கிறது என்றார். குணமாகிவிடும் என்று நான் எழுத மாட்டேன். பொங்கல் கழிந்ததும் உன்னை இங்கே கூட்டிவந்து காட்டலாம்.

கருத்தம்மாளிடம் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னதற்கு என்னைத் திட்டு. "பாவி நான், மதினியப் போயி கொற சொன்னேனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

கூடத்துப் பல்பை இனிமேல் போடு. உனக்குப் பிரயோசனம் இல்லாவிட்டாலும் பாண்டியம்மாள் அக்காள் தடுக்கி விழாமல் இருக்கட்டும். ஒரு பல்புக்கு அனுமதி இருக்கிறது.

சின்னமனூருக்கே மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அங்கே நாற்காலி வேலை இல்லை, பழையபடி கரண்ட் போஸ்ட் மரத்தில் ஏற வேண்டும் என்றார் அதிகாரி. ஏறுகிறேன் என்றேன். மாசியில் கிடைக்கலாம்.

போகிக்கு லீவு கொடுத்துவிட்டார்கள். என் பஸ் ஆறரை மணிக்குத்தான் வந்து சேரும், இருட்டிவிடும். நீ வாசலில் நில். தெரு முனையிலிருந்தே உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு வருகிறேன். பெண்டாட்டி பேரைத் தெருவில் கத்துகிறான் என்று ஊர் சிரித்தால் சிரிக்கட்டும்.

உன்,
பேச்சிமுத்து