வேண்டாம் என்ற கை

வைக்கோல் எரியும் வாசனை மூக்கில் ஏறியதும் உங்களைத்தான் நினைத்தேன். தப்பட்டைத் தோலைக் காய்ச்சுவதற்காக, எங்கள் தோப்பு மேட்டில் அந்த நடுகல்லுக்குப் பக்கத்திலேயே நெருப்பு மூட்டியிருந்தார்கள். அடிக்க வந்தவர்கள் ஆறு பேர். அதில் நான்கு பேர் பெண்கள். நீங்கள் இருந்திருந்தால் ஒரு வார்த்தை கிண்டலாகச் சொல்லிவிட்டு, பிறகு உட்கார்ந்து கேட்டிருப்பீர்கள்.

முதலில் ஒன்றைத் திருத்திக்கொள்கிறேன். நீங்கள் இருந்தவரை உங்களை "நீ" என்றுதான் பேசினேன். நீங்கள் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். யாரிடமும் மரியாதையாகப் பேச வேண்டும் என்று கான்வென்ட்டில் கன்னியாஸ்திரிகள் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். சத்தியமங்கலத்துக்கு மருமகளாக வந்த முதல் வாரத்திலேயே அதை விட்டுவிட்டேன். பண்ணையத்து வீட்டில் தப்பட்டைக்காரரை யாரும் "நீங்கள்" என்பதில்லை.

அந்தக் கல்லில் ஒருவன் புலியின் வாயில் வாளைச் செருகுகிறான். புலியின் நகம் அவன் தொடையில் இறங்கியிருக்கிறது. பக்கத்தில் வளையல் போட்ட ஒரு பெண்ணின் கை மட்டும், முழங்கையிலிருந்து மேலே நிற்கிறது. ஒவ்வொரு பட்டிப் பொங்கலுக்கும் அதன் முன்னால் நீங்கள் அடிப்பீர்கள். அது ஆசீர்வாதம் செய்யும் கை என்று மாமனார் சொல்லியிருந்தார். உங்களிடம் கேட்டேன். சுற்றிலும் பார்த்துவிட்டுத்தான் பேசினீர்கள்.

"ஆசீர்வாதமுங்களா? நல்லாக் கேட்டீங்க போங்க. புருசன் புலிகிட்டச் செத்துப்போட்டான். இவளை உசுரோட தூக்கி நெருப்புல போட்டுப்போட்டாங்க. அது வேண்டாங்கற கையுங்க, அம்மணி."

"உனக்கு யார் சொன்னது?"

"அன்னைக்கு அடிச்சதும் எங்க ஆளுகதானுங்களே. அவ கத்துறது ஊருக்குக் கேக்கக் கூடாதுன்னு, ஓங்கி அடிக்கச் சொன்னாங்களாமா."

இப்போது அந்தக் கல்லை வைத்து ஒரு நிகழ்ச்சி நடத்த, கோவையிலிருந்து நிவேதா என்று ஒரு பெண் வந்திருக்கிறாள். கம்ப்யூட்டர் படித்தவள். ஆக்மென்டட் ரியாலிட்டி என்கிறாள். கைப்பேசியைக் கல்லுக்கு நேரே பிடித்தால், திரையில் கல்லுக்குள்ளிருந்து புலி வெளியே வருகிறது. தப்பட்டையை அங்கேயே நேரில் அடிக்கிறார்கள். கைப்பேசி அந்த அடியைக் கேட்டு, அதற்குத் தகுந்தபடி படத்தை அசைக்கிறது. அடி ஏற ஏறப் புலி நெருங்குகிறது. ஒத்திகையில் பார்த்தேன். நகம் அவன் வயிற்றைக் கிழித்தது. குடல் சரிந்த பிறகும் அவன் வாளை விடவில்லை. அது புலியின் பிடரியில் வெளியே வந்தது. கைப்பேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

அடுத்து அந்தப் பெண் வந்தாள். பட்டுச் சேலை, சிரித்த முகம். பூமாரி பொழிய நெருப்புக்குள் நடந்துபோய்க் கையை உயர்த்தி ஆசீர்வதித்தாள். இது என் கொழுந்தன் சொன்ன ஏற்பாடு. தோப்பில் பாதி அவருடையது.

"இதை எடுத்துப்போடு" என்றேன் நிவேதாவிடம்.

"நங்கை, சாமி காரியமுங்க. நீங்க உங்க இங்கிலீசுப் படிப்பை இதுல காட்டாதீங்க" என்றார் கொழுந்தன்.

"அவ கத்தோணும். அப்பத் தப்பட்டை நிக்கோணும். இல்லாட்டி என் பாதியில யாரும் கால் வைக்கப்படாது" என்றேன்.

நிவேதா குறுக்கே வந்தாள். "மேடம், தப்பட்டை நின்னா ஃபோன்ல படமும் அப்படியே நின்னுருங்க. அடி கேட்டாத்தான் அது அசையும்."

"நிக்கட்டும் கண்ணு. கல்லுலயும் அப்படித்தான நிக்குது" என்றேன். அவள் படத்தை அப்படியே மாற்றினாள்.

தப்பட்டை நின்றால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரரின் சடலம் வாசலில் கிடந்த அன்று என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப்போனார்கள். நான்கு பெண்கள் பிடித்துக்கொள்ள, ஒருத்தி என் வலது கை வளையல்களைக் கல்லால் தட்டினாள். கண்ணாடிச் சில்லு மணிக்கட்டில் ஏறி ரத்தம் முழங்கை வரை வழிந்தது. கையை உதறி மேலே தூக்கி, "விடுங்க" என்று கத்தினேன். கொழுந்தன் உங்கள் பக்கம் திரும்பி, "ஓங்கி அடிங்கடா" என்றார்.

நீங்கள் குச்சியைக் கீழே போட்டீர்கள். உங்களைப் பார்த்து மற்றவர்களும் நிறுத்தினார்கள். என் கூச்சல் தெருக்கோடி வரை போனது. பிடித்திருந்த கைகள் தாமாகவே விலகின. இடது கை வளையல்களை யாரும் தொடவில்லை.

என்னை உள்ளறைக்கு அனுப்பினார்கள். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் உங்களைப் படுக்கப்போட்டு, கொழுந்தன் மண்வெட்டிப் பிடியால் அடித்தார். கரும்பை முழங்காலில் வைத்து ஒடிப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. "அம்மணி!" என்று ஒரே ஒரு முறை கூப்பிட்டீர்கள்.

வருடங்கள் கழித்துப் பல்லடம் பேருந்து நிலையத்தில் உங்களைப் பார்த்தேன். கோழிப் பண்ணையில் வேலை என்றீர்கள். மணிக்கட்டு கோணலாக ஒட்டியிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் நீங்களே சொன்னீர்கள்: "உங்களை ஊட்டுக்குள்ள போட்டுப் பூட்டிப்போட்டாங்க. நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்." நான் தலையை ஆட்டினேன்.

போன ஞாயிறு பொழுது சாயும் நேரத்தில் நிகழ்ச்சி நடந்தது. மேடு நிறையக் கூட்டம். எல்லோரும் கைப்பேசியைக் கல்லுக்கு நேரே நீட்டியிருந்தார்கள். புலி செத்தது, அவன் விழுந்தான், நெருப்பு எழும்பியது. அவளைக் கைகள் தள்ளின. அப்போது ஆறு தப்பட்டையும் ஒரே சமயத்தில் நின்றன. எல்லாத் திரையிலும் நெருப்புக்கு மேலே அந்தக் கை உறைந்து நின்றது. தப்பட்டைப் பெண்களில் மூத்தவள் தன் சொந்தக் குரலில் அலறினாள். மனித அலறல் மாதிரியே இல்லை. குழந்தைகள் அழுதன.

முன்வரிசையில் கொழுந்தன் எழுந்தார். "எதுக்குடி நிறுத்துனீங்க? அடிங்கடி!"

நானும் எழுந்தேன். "இப்படி ஒருத்தர் நிறுத்துனாரு. அவரு கையை ஒடிச்சது இந்த ஆளு" என்றேன். உங்கள் பெயரைச் சொன்னேன், ஊரைச் சொன்னேன்.

"கெழட்டு முண்டை!" என்று நாற்காலியைத் தூக்கி எறிந்தார். அது என் தோளில் பட்டது. வலது கையைத் தூக்க முடியவில்லை. இதை எழுத மூன்று நாள் ஆயிற்று. அவரை நான்கு பேர் பிடித்து வெளியே இழுத்துப்போனார்கள். ஊர்ப் பெண்கள் வரிசையாக வந்து, "என்ன தைரியமுங்க உங்களுக்கு" என்று என் கையைப் பிடித்தார்கள். பிடித்துக்கொள்ள விட்டேன்.

அந்தப் பெருமைதான் என்னைத் தூங்கவிடவில்லை. கூட்டத்தில் பாதியைத்தான் சொன்னேன். மீதி உங்களுக்கு உரியது. கோணல் கையோடு பல்லடத்தில் நின்று நீங்கள் எனக்காகச் சொன்ன அந்தச் சமாதானத்தை இத்தனை வருடமும் வைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறேன். இன்னும் சுமக்கிறேன்.

உள்ளறைக் கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாளே கிடையாது. உள்ளே மட்டும்தான் உண்டு. நீங்கள் கூப்பிட்டது கேட்டபோது கதவு வெறுமனே சாத்தித்தான் இருந்தது. அதற்குப் பிறகுதான் தாழ்ப்பாளைப் போட்டேன்.