அறுபதுக்கு மேல் மூன்று ஊசி

பீளமேடு,
வியாழக்கிழமை மத்தியானம்.

அன்புள்ள கண்ணு ஃபெமினாவுக்கு உன் சித்தப்பா சந்தியாகு எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உன் சித்தி அமலியும் இங்கே நடமாட்டத்தோடு இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளை ஜெஃபினும் அந்த அயர்லாந்துக் குளிரில் கை கால் விறைக்காமல் இருக்கிறீர்களா என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. உன் அப்பா போன நாளிலிருந்து உன்னைத் தூக்கி வளர்த்தவன் என்கிற உரிமையில் என் குழப்பம் மொத்தத்தையும் உன் தலையில் இறக்கி வைக்கப் போகிறேன், பொறுமையாகப் படி. இங்கே ஒரு வாரமாக மழை விட்டு விட்டுப் பெய்கிறது, நான் வாட்ச்மேனாக உட்காருகிற காலேஜ் கேட்டில் என் நாற்காலி வரைக்கும் தண்ணீர் வந்துவிட்டது, நான் சொன்ன பிறகுதான் அவர்களுக்கு ஓடை எந்தப் பக்கம் வெட்டுவது என்றே புரிந்தது, இத்தனைக்கும் உள்ளே நானூறு இன்ஜினியர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

விஷயம் என்னவென்றால் மூன்று வாரத்துக்கு முன் பூசை முடிந்ததும் சாமியார் ஒரு அறிவிப்பு வாசித்தார். இனிமேல் அறுபது வயது தாண்டிய எல்லாருக்கும் நம் பங்கு மண்டபத்திலேயே தடுப்பூசி போடுவார்களாம், ஒரு ஆஸ்பத்திரியின் ஏற்பாடு. குழந்தைக்குப் போடுவது போல இனிப் பெரியவர்களுக்கும் வழக்கமாகிவிடுமாம். ஒன்று நிமோனியாவுக்கு, ஒன்று ஃப்ளூ காய்ச்சலுக்கு, ஒன்று அக்கிக்கு. அக்கி தெரியுமல்லவா, இடுப்பைச் சுற்றிக் கொப்புளமாகக் கிளம்பி நெருப்பாய் எரியுமே அது. இதில் ஒன்றை வருடா வருடம் போட வேண்டும், ஒன்றை ஒரே தடவை, ஒன்றை இரண்டு மாதம் விட்டு இரண்டு தடவை. எது எத்தனை தடவை என்று நான் மண்டபத்தில் எழுந்து நின்று எல்லாருக்கும் தெளிவாக விளக்கினேன், வீட்டுக்கு வந்து பார்த்தால் எனக்கே முன்னுக்குப் பின் மாறியிருந்தது. எட்டாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் என் கையெழுத்தைப் பார்த்து அந்தக் காலத்தில் மில் மேனேஜரே எழுந்து நின்றிருக்கிறார் என்பது சாமியாருக்கும் தெரிந்திருக்கும் போலிருக்கிறது, ஃபாரம் நிரப்பும் பொறுப்பை என்னிடமே கொடுத்துவிட்டார்.

அதிலிருந்து ஆளுக்கு ஒரு பேச்சு. பக்கத்து வீட்டு மாசாணம் சொல்கிறார், அறுபது வருடம் ஊசி இல்லாமல் ஓடிய வண்டிக்கு இப்போது எதற்குப் புது ஆயில் என்று. காலேஜ் புரொபசர் ஒருத்தர் தன் தகப்பனாருக்கு மூன்றும் போட்டாயிற்று என்கிறார். பழைய கம்பவுண்டர் ஒருவர் ஃப்ளூ மட்டும் போதும் என்கிறார், அவர் மருமகள் அதைத் தவிர மற்றது இரண்டும் போடு என்கிறாள். போனில் ஒரு வீடியோ வந்தது, வெள்ளைக் கோட்டுப் போட்ட ஆள் போடவே கூடாது என்றான், அடுத்த வீடியோவில் அதே மாதிரிக் கோட்டுப் போட்டவன் போடாவிட்டால் போச்சு என்றான். எனக்கு எவன் பேசினாலும் அந்த நேரத்துக்குச் சரியாகத்தான் படுகிறது கண்ணு, அதுதான் என் வியாதி.

இப்போது ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஆடி மாதம் உன் சித்திக்குச் சளி, இரண்டு நாள் ஆஸ்பத்திரி என்று உன்னிடம் சொன்னேன். இரண்டு நாள் இல்லை, எட்டு நாள். அதில் மூன்று நாள் மூக்கில் ஆக்சிஜன். நிமோனியா என்றார்கள். நீ பிளேன் ஏறிவிடுவாய் என்று மறைத்தேன். பஞ்சுத் தூசியிலேயே இருபது வருடம் வேலை பார்த்த நெஞ்சு, கூடச் சர்க்கரையும் இருக்கிறது, தேறியதும் இந்த ஊசியைக் கட்டாயம் போட்டுவிட வேண்டும், இன்னொரு தடவை இப்படி வந்தால் தாங்க மாட்டார் என்று டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்தார். சீட்டு பைபிளுக்குள் இருக்கிறது. அவளோ போட மாட்டேன் என்கிறாள், அதற்குக் காரணம் நான்.

கொரோனா சமயத்தில் எனக்கு ஊசி போட்ட அன்று இரவு காய்ச்சல் வந்தது உனக்கு நினைவிருக்கும். ஒரு ராத்திரிக் காய்ச்சல்தான். ஆனால் சொல்லும்போது எனக்குச் சும்மா சொல்லத் தெரியாதல்லவா. நூற்றி ஐந்து டிகிரி என்றேன், கட்டில் ஆடியது என்றேன், என் பெயருக்குரிய புனிதர் சந்தியாகப்பர் வெள்ளைக் குதிரையில் வாசலில் வந்து நின்று வா என்று கூப்பிட்டார், அடுத்த வருடம் வருகிறேன் என்று நான்தான் திருப்பி அனுப்பினேன் என்றேன். மூன்று மாதம் தெருவெல்லாம் இதே பேச்சு, டீக்கடையில் எனக்கு இடம் ஒதுக்கி வைத்துக் கேட்டார்கள். கேட்டவர்களில் உன் சித்தியும் ஒருத்தி. முதல் ஊசி போட்டிருந்தவள் இரண்டாவதுக்குப் போகவே இல்லை. அதற்கும் ஆடி மாதம் வந்ததற்கும் சம்பந்தம் உண்டா என்று டாக்டரிடம் கேட்டேன், இது வேறு கிருமிங்க, நீங்களாக முடிச்சுப் போடாதீர்கள் என்றார். மனசு கேட்க வேண்டுமே.

போன ஞாயிறு முதல் முகாம். அங்கே நடந்ததை வேறு யாராவது உனக்குச் சொல்வதற்குள் நானே சொல்கிறேன். ஃபாரத்தில் இந்த நோய்க்கு முன்பே தடுப்பு எடுத்திருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி. எனக்கு இரண்டு தடவை அக்கி வந்ததும், அந்தியூர் பக்கம் பானை செய்கிற பெரியவர் இரண்டு தடவையும் காவி குழைத்து என் விலாவில் சிங்கம் எழுதிவிட்டதும் ஊருக்கே தெரியும். எழுதி முடித்ததும் இனி இந்தப் பக்கம் வராது என்று அவர் கையடித்துச் சொன்னார். ஆகவே நான் ஆம், இரண்டு முறை, அந்தியூர் என்று நிரப்பினேன். நம் தெருவில் அக்கி எழுதிக்கொண்ட மாசாணத்துக்கும் மற்றவர்களுக்கும் அப்படியே நிரப்பினேன், மொத்தம் பதினொரு ஃபாரம். கிருபா என்று ஒரு நர்ஸ், பொடிப்பெண், எல்லாவற்றையும் பார்த்துவிட்டு இவர்களுக்கு அக்கி ஊசி முடிந்துவிட்டது என்று கோடு போட்டு ஒதுக்கிவிட்டாள். அந்தியூரில் எந்த ஆஸ்பத்திரி இவ்வளவு முன்னாலேயே போட்டது என்று அவளுக்கே ஆச்சரியம். நானும் மரியாதையோடு தப்பித்தேன் என்று உட்கார்ந்திருந்தேன். உன் சித்திதான் கூட்டத்தில் வாயைத் திறந்தாள். "அம்மணி, அது பானை செய்யறவரு காவி பூசுனதுங்க. இவரு ஊசியே போடலீங்க" என்றாள். மண்டபமே சிரித்தது, மாசாணம் பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார், அவர் ஃபாரமும் அதில் இருக்கிறது என்று அவருக்கு அப்போது தெரியாது.

கிருபா மட்டும் சிரிக்கவில்லை. பதினொரு ஃபாரத்தையும் திரும்ப எழுத வைத்தாள். ஏனுங்க ஐயா, அக்கி எழுதுனது தப்புன்னு நான் சொல்லலீங்க, ஆனா அது ஊசி ஆகாதுங்க, ரெண்டு தடவ வந்தவங்களுக்கு மறுபடி வராதுன்னு யாரும் சொல்ல முடியாதுங்க என்றாள். பிறகு உன் சித்தி மூச்சு வாங்குவதைப் பார்த்து விசாரித்து, இவங்களுக்கு நிமோனியா ஊசி இன்னைக்கே போட்டா நல்லதுங்க என்றாள். அமலி என்னைக் கைகாட்டினாள். "மொதல்ல அவருக்குப் போடுங்க. அவரு எந்திரிச்சு நடக்கறதப் பாத்துப்போட்டு நான் போட்டுக்கறனுங்க." அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்று சொல்லி அழைத்து வந்துவிட்டேன்.

நான்கு நாளாக எனக்கு இதுதான் கணக்கு. நான் முதலில் போட்டுக் காய்ச்சல் வந்தால், வந்த காய்ச்சலை என் வாய் சும்மா விடாது, குதிரை திரும்ப வந்துவிடும், அவள் ஓடிவிடுவாள். அவளுக்கு முதலில் போடச் சொல்லி அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் உயிரோடு இருந்து என்ன. போடாமலே விட்டால் ஆடி மாதம் மறுபடி வரத்தான் செய்யும். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுகிறது. கிருபாவிடம் போனில் கேட்டேன், கை வலிக்கும், சிலருக்கு ஒன்றிரண்டு நாள் உடம்பு சுடும், பிறகு சரியாகிவிடும் என்றாள். ஒன்றிரண்டு நாள் என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன்.

நேற்று புதன்கிழமை காலேஜுக்கு என்று சொல்லிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். நிமோனியாவும் அக்கியும், இரண்டு கையிலும் ஒவ்வொன்று போட்டுக்கொண்டேன். இப்போது காய்ச்சல் இருக்கிறது. நூறு டிகிரி. நன்றாகப் பார்த்துத்தான் எழுதுகிறேன், சரியாக நூறு, மேலே ஒரு புள்ளி கூட இல்லை. இடது கையைத் தூக்க முடியவில்லை. உன் சித்தி ஏன் சாப்பாடு இறங்கவில்லை என்று கேட்டாள், டீக்கடையில் போண்டா தின்றுவிட்டேன் என்றேன், திட்டினாள், வாங்கிக்கொண்டேன். நாளைக்கோ மறுநாளோ விட்டுவிடும். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் புதன்கிழமையே போட்டுக்கொண்டேன் என்று சொல்லி நான் எழுந்து நடப்பதை அவள் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அவள் போட்டு முடித்ததும் கிருபா முன்னாலேயே இந்தக் காய்ச்சல் உண்மையைச் சொல்லி வாங்குகிற திட்டையும் வாங்கிக்கொள்கிறேன். நான் செய்தது சரியா தப்பா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை கண்ணு.

அங்கே குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, மாப்பிள்ளையையும் மூடச் சொல். ஞாயிறு பூசையை விடாதே. உங்கள் இருவர் தலையிலும் ஆண்டவர் கை இருக்கட்டும், சீக்கிரம் உன் வீட்டில் ஒரு தொட்டில் ஆடட்டும். அந்த எட்டு நாள் கணக்கு எனக்கும் உனக்கும் இருக்கட்டும், நான் உன்னிடம் சொன்னதாகச் சித்தியிடம் காட்டிக்கொள்ளாதே. வாழ்நாளில் முதல்தடவையாக ஒரு காய்ச்சலை யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை, போனில் சொன்னால் இன்றைக்கே இவள் காதுக்கு வந்துவிடும். கடிதம் உன் கைக்கு வரப் பத்து நாளாவது ஆகும் என்று தபால் ஆபீசில் கேட்டுக்கொண்ட பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
அ. சந்தியாகு