கட்டம் ஓர் எழுத்து அல்ல

ஏப்ரல் 21, திங்கள்

முதலில் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். யாரிடம் கேட்பது என்று தெரியாததால் இந்த நோட்டிடமே கேட்கிறேன். எழுத்துகள் கோட்டின் மேல் நிற்க மாட்டேன் என்கின்றன. 'ழ' வந்தால் எந்தப் பக்கம் திரும்புவது என்று பேனா நின்று யோசிக்கிறது. ஆயுள் முழுக்கத் தாம்பரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கிய கை இது. மூட்டையை விடப் பேனா கனமாக இருக்கிறது.

ஆனாலும் எழுதுகிறேன். லாசரஸ் எழுதுகிறேன்! கடப்பேரியில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தரும் சாயங்கால வகுப்பு நடத்தும் காமு டீச்சர்தான் தினமும் எழுதச் சொன்னார்.

என் மகள் செல்வமேரி வீட்டிலிருந்தே இன்டர்நெட்டில் கடை நடத்துகிறாள். மாதா கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் பிள்ளைகளுக்கான வெள்ளை உடுப்பு விற்பனை. மே மாதம் சீசன். பார்சல் போடுவது என் வேலை. முன்பு அவள் சொல்லச் சொல்லப் பெட்டியில் வைப்பேன். இப்போது பில் தமிழில் வருகிறது. மருமகன் ஜெபின் கடையின் வெப்சைட்டில் ஒரு ப்ளகின் சொருகியிருக்கிறார். அது ஒரு குட்டி வேலைக்காரன், இங்கிலீஷ் பில்லைத் தமிழாக்கித் தரும். நான் வரியில் விரல் வைத்து, சத்தமாகப் படித்து, 'கவுன்' என்றால் கவுனை வைத்து, அடுத்த வரிக்குப் போவேன். டேப் மட்டும் மேரிதான் ஒட்டுவாள். அதற்கு முன் எல்லாவற்றையும் வெளியே எடுத்து ஒருமுறை பார்ப்பாள்.

ஒரு கஷ்டம். சில பில்களில் கட்டம் போல ஓர் எழுத்து வருகிறது. டீச்சர் அதை இன்னும் நடத்தவில்லை. அந்த வரி வந்தால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "இது இன்னாம்மா, மங்கலா கீது?" என்று மேரியைக் கேட்பேன். அவள் போனில் ஆர்டரைப் பார்த்து, "முக்காடுப்பா" என்பாள். வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 22, செவ்வாய்

இன்றும் அந்த எழுத்து. ஒரே வரியில் வரிசையாக நிற்கிறது.

ஏப்ரல் 23, புதன்

கட்டத்தை நோட்டில் பார்த்து எழுதி வகுப்புக்கு எடுத்துப் போனேன். அழகாக வந்திருந்தது. மற்ற எழுத்துகளை விட இதை எழுதுவது சுலபம்.

டீச்சர் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஐயா, இது எழுத்தே இல்லையே!"

"பில்லுல கீதும்மா."

"பில்லு தப்பு ஐயா. நீங்க தப்பில்ல."

பக்கத்து பெஞ்சு அபிதகுஜாம்பாள் விழுந்து விழுந்து சிரித்தாள். "நல்லவேளை கேட்டீங்கண்ணா. நானா இருந்திருந்தா மனப்பாடமே பண்ணியிருப்பேன்!"

வழியெல்லாம் எனக்கும் சிரிப்பு. பில்லு தப்பு. நான் தப்பில்லை. இதை எழுதிப் பார்க்க ஆசையாக இருந்தது, எழுதிவிட்டேன்.

ஏப்ரல் 24, வியாழன்

அது எழுத்தே இல்லை என்று மேரியிடம் சொல்லியிருக்கக் கூடாதோ?

மேரி தலையில் கை வைத்துக்கொண்டாள். "இந்த பில்லு இப்படியேவாப்பா பார்சலோட ஊருக்கெல்லாம் போச்சு? பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க, டுபாக்கூர் கடைன்னு தானே?" பிறகு ஜெபினிடம், "சனிக்கிழமைக்குள்ள சரியாவணும். இல்லாட்டி தமிழை எடுத்துட்டு இங்கிலீஷே போட்டுடு. சீசன்ல இந்தப் பேஜார் எனக்கு வேணாம்."

அவள் சொல்வது நியாயம்தான். பெயர் கெட்டால் கடை இல்லை. ஆனா இங்கிலீஷ் பில்லு வந்தா நான் இன்னா பண்றது? மறுபடி யாராச்சும் சொல்லச் சொல்ல எடுத்து வெக்கணும். இப்பதானே ஆரம்பிச்சேன் — இப்பவே எடுத்துடுவாங்களா?



ஏப்ரல் 26, சனி

காலையிலேயே ஜெபின் கம்ப்யூட்டரைத் திறந்து உட்கார்ந்தார். அவர் புனேயில் வளர்ந்தவர். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. "மாமா, நான் சரி பண்றேன், நீங்க படிச்சுச் சொல்லுங்க. நம்ம ரெண்டு பேரும் சேந்தா ஒரு ஆளு" என்றார்.

பில்லில் போட்ட எழுத்து வகையில் சில தமிழ் எழுத்துகளே இல்லையாம், அந்த இடத்தில் கட்டம் விழுகிறதாம். அதை மாற்றி ஒரு பில் எடுத்தார். கட்டம் போய்விட்டது. ஆனால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். பஞ்சாயத்தில் பிரிந்த புருஷன் பெண்டாட்டி மாதிரி நடுவில் இடம் விட்டு நின்றன. 'மெழுகுவர்த்தி' என்று படிக்க எனக்கு மூச்சு முட்டியது.

மறுபடி மாற்றினார், மறுபடி படித்தேன். நான் ஒரு பில் படித்து முடிப்பதற்குள் ஜெபின் டீ குடித்து டம்ளரையும் கழுவி வைத்துவிடுவார்.

பார்சல் எடுக்கும் கூரியர் சக்திவேல் வாசலில் வந்து நின்றான். "இன்னா தாத்தா, பரீச்சைக்குப் படிச்சிகினு கீறியா?"

"பரீச்சை எனக்கில்லடா, கம்ப்யூட்டருக்கு. நான் தான் வாத்தி. ஓரமா நில்லு."

மதியத்துக்கு மேல் கொம்பும் எழுத்தும் சேர்ந்துகொண்டன. கவுன், முக்காடு, கையுறை, பூக்கிரீடம், மெழுகுவர்த்தி — தடங்கலில்லாமல் படித்தேன். கடைசி வரியில் மட்டும் ஒரு கட்டம் மிச்சம். விலைக்கு முன்னால் ரூபாய்க் குறி வரவேண்டிய இடம். புது எழுத்து வகையில் அந்தக் குறி இல்லை. ஜெபின் சோர்ந்துபோனார்.

"பஸ் டிக்கெட்ல 'ரூ' போட்டு ஒரு புள்ளி வெப்பானே மாப்ளே, அது போதாதா?"

என்னைப் பார்த்தார். தட்டினார். பிரின்டர் கறகறவென்று தள்ளியது.

மேரியைக் கூப்பிட்டு நிற்கவைத்து, மேலிருந்து கீழ்வரை சத்தமாகப் படித்தேன். அவள் பில்லைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, தமிழே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஏப்ரல் 28, திங்கள்

மேரி தையல்காரரைப் பார்க்கப் பல்லாவரம் போயிருக்கிறாள். ஜெபின் வேலைக்குப் போய்விட்டார். சாயங்காலம் சக்திவேல் வருவதற்குள் எல்லாப் பார்சலும் தயாராக வேண்டும்.

கிளம்பும்போது "மதியம் சாப்டுடுப்பா" என்றதோடு சரி. மேசைக்கு வந்து பார்த்தால் பில் கட்டின் மேல் டேப்பும் கத்தரிக்கோலும் இருக்கின்றன.

மறந்து வைத்துவிட்டாளோ என்று போன் செய்தேன்.

"மறக்கலப்பா. ஒட்டிடு" என்றாள்.

ஒட்டினேன். முதல் பெட்டியில் கொஞ்சம் கோணல். அடுத்தவை நேராக வந்தன.

விரல் முழுக்கப் பசை, பேனா ஒட்டிக்கொள்கிறது. நாளைக்குக் கையைக் கழுவிக்கொண்டு வந்து எழுதுகிறேன்.